நாவைக் கடக்கும் மருந்து

வைத்தியர் எவ்வளவு படித்தவராயினும், மருந்து எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், அவ்விரண்டையும் சற்றும் மதியாமல் ஒரு நொடியில் வெளியே தள்ளிவிடும் அதிகாரம் மனித தேகத்தில் நாக்குக்கு மட்டுமே உண்டு. பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது விழுங்கிவிடுகிறார்கள். குழந்தையோ எந்த நியாயத்துக்கும் கட்டுப்படுவதில்லை. மடியில் கிடத்தி, கைகளைப் பிடித்து, சங்கினாலோ பாலாடையினாலோ புகட்டிய மருந்தில் ஒரு பங்கு கடைவாயில் வழிந்து, இன்னொரு பங்கு வாந்தியாகித் தாயின் முந்தானையில் சேர்ந்த பிறகு, உள்ளே தங்கியது எவ்வளவு என்பதை எந்த வைத்தியராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று யோசித்து எழுதிய அளவு அங்கே அர்த்தமற்றுப் போகிறது. ஆகையால் மருந்தின் கசப்பை வெறும் ருசி சம்பந்தமான சில்லறை விவகாரமாக ஒதுக்கிவிட முடியாது. அது அளவைப் பற்றிய விவகாரம், அளவின் வழியாக நோய் தீர்வதைப் பற்றிய விவகாரம்.

இதை ஆராய்வதற்குப் புதுச்சேரியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் சோழமண்டலக் கரையில் கிடைப்பது அரிது. பெரிய மார்க்கெட்டை ஒட்டிய நாட்டு மருந்துக் கடைகளில் நிலவேம்பும் ஆடாதோடையும் இன்றும் கட்டுக் கட்டாக விற்கின்றன. பிரெஞ்சுக்காரர் 1823-இல் ஏற்படுத்திய வைத்தியப் பாடசாலை, 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும் 1964-இல் ஜிப்மராகவும் உருமாறிக் கோரிமேட்டில் நிற்கிறது. ஊருக்கு வடக்கே காலாப்பட்டில், பல தேசங்களுக்கும் இபுபுரூஃபென் செய்து அனுப்பும் ரஸாயனத் தொழிற்சாலை இருக்கிறது. இதே ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலிலோ, ஊர் ஜனங்கள் தங்கள் நாவுக்குச் சிறிதும் தெரியாமல் வருஷக்கணக்கில் மருந்துண்டார்கள். நாட்டு வைத்தியம், பிரெஞ்சு மருந்தியல், நவீன ரஸாயனம், பொதுஜன சுகாதாரம் என்ற நான்கும் கசப்பை எதிர்கொண்ட விதங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. அவற்றுள் எதுவும் கசப்பை அழித்துவிடவில்லை. ஒவ்வொன்றும் அதைச் சிறிது காலம் தள்ளிவைக்கிறது, அவ்வளவே. வாயில் மருந்து தங்கும் அந்தச் சில விநாடிகளில் அது கரையக் கூடாது. இரைப்பையையோ குடலையோ அடைந்தபின் கரையாமல் இருக்கவும் கூடாது. குறைவாகத் தள்ளிவைத்தால் குழந்தை துப்புகிறது. மிகுதியாகத் தள்ளிவைத்தால் மருந்து கரையாமலேயே வெளியேறி வீணாகிறது. இந்த இரண்டு கேடுகளுக்கும் நடுவேயுள்ள குறுகலான இடத்தில்தான் இந்தக் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கசப்பை நாக்கு வெறுப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. செடிகொடிகள் தங்களைத் தின்ன வரும் பிராணிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ள உண்டாக்கும் விஷங்களில் பல கசப்பானவை; கசந்ததைத் துப்பிய பிராணி பிழைத்தது. பிறந்து சில மணி நேரமேயான சிசுவும், கசப்புத் துளி நாவில் பட்டதும் வாயைக் கோணிக்கொள்கிறது. இது கற்றுக்கொண்ட பழக்கமன்று. இனிப்பை அறிவதற்கு மனித நாவில் ஒரே ஒரு வகை ஏற்பிப் புரதம்தான் இருக்கிறது. கசப்புக்கோ ஏறக்குறைய 25 வகைகள் இருப்பதாக 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சிகள் வெளிப்படுத்தின. இனிப்பு எதில் இருந்தாலும் அது உணவு என்ற ஒரே செய்தி போதும்; விஷங்கள் பல வடிவங்களில் வருகின்றன, ஆகவே அவற்றைப் பிடிக்கக் காவலும் பல வகையாக இருக்கிறது. இதனால் மருந்து செய்பவனுக்கு நேர்கிற சங்கடம் என்னவென்றால், ஒரு கதவை அடைத்தால் மருந்து வேறொரு கதவைத் தட்டும் என்பதே. கசப்பு ஏற்பிகளை நேரடியாக அடைத்துவிடும் பொருளொன்றைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பியவர்கள், கால் நூற்றாண்டாகியும் எல்லா மருந்துக்கும் பொதுவான ஒன்றைக் காட்ட முடியாமலிருப்பது இதனால்தான். இவ்வகையில் உப்பு ஒன்றே சற்று நம்பத் தகுந்தது. சோடியம் கசப்பை அமுக்கி, அதனால் அமுங்கியிருந்த இனிப்பை மேலே வரவிடுகிறது என்று அமெரிக்காவில் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இருவர் 1997-இல் காட்டினர். பாகற்காயை அரிந்தவுடன் உப்பில் பிசறி வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது.

நாட்டு வைத்தியத்தின் நிலை இதில் விசித்திரமானது. சித்த வைத்திய சாஸ்திரத்தில் ருசி என்பது மருந்தின் மேல் தற்செயலாக ஒட்டியிருக்கும் தோஷமன்று. அதுவே மருந்தின் குணத்தைக் காட்டும் லக்ஷணம். ஆறு சுவைகளில் கைப்பு, காற்றும் ஆகாயமும் கூடிப் பிறந்ததென்றும், ஜுரத்தையும் பித்தத்தையும் தணிக்க வல்லதென்றும் கொள்ளும் ஒரு வைத்தியர், அந்தக் கைப்பை முற்றிலும் மறைத்துவிடச் சொன்னால் தயங்கவே செய்வார். 2012-இல் டெங்குக் காய்ச்சல் தமிழகத்தில் பரவியபோது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அண்டாக்களில் காய்ச்சி வழங்கப்பட்ட நிலவேம்புக் குடிநீரில் வெட்டிவேரும் சந்தனமும் சுக்கும் மிளகும் உட்பட எட்டுச் சரக்குகள் நிலவேம்போடு சேர்ந்திருந்தும், குடித்தவர் முகத்தில் தோன்றியது நிலவேம்பு ஒன்றின் வெற்றியே. ஆயினும் அதே சாஸ்திரம் அனுபானம் என்ற பெயரில் தேனையும் நெய்யையும் பாலையும் பனைவெல்லத்தையும் வகுத்துவைத்திருக்கிறது. அனுபானம் மருந்தைத் தேகத்தில் உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லும் வாகனம் என்பது அவர்கள் கொள்கை. நாவை ஏமாற்றுவது அதன் உபகாரியம். ஆனால் உபகாரியமே பௌதிக முறைப்படி மிக நுட்பமானது. தேன் இனிப்பதால் மட்டும் உதவுவதில்லை. அது கெட்டியாக இருப்பதால், அதில் குழைத்த சூரணத்தின் துகள்கள் நாவின் சுவை மொட்டுகளை நோக்கி மெல்லவே நகர்கின்றன, அவை போய்ச் சேருமுன் விழுங்கப்பட்டுவிடுகின்றன. நெய்யோ துகளைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலமாகப் படிந்து எச்சில் உள்ளே புகுவதைத் தடுக்கிறது. செஃப்யூராக்ஸைம் ஆக்ஸெட்டில் என்ற கடுங்கசப்பான நுண்ணுயிர்க்கொல்லியைக் குழந்தைகளுக்கான திரவமாக்க விரும்பிய மேனாட்டார், அதன் துகள்களை ஸ்டீயரிக் அமிலமென்னும் கெட்டிக் கொழுப்பில் பொதிந்ததை அறியும்போது, நெய்யில் குழைத்துக் கொடுத்த வைத்தியரும் அவர்களும் ஒரே உபாயத்தைத்தான் கையாண்டார்கள் என்பது விளங்கும்.

மணப்பாகு என்பது இந்த வரிசையில் நம்மவர் எட்டிய உச்சம். ஆடாதோடை இலையைக் கஷாயமிட்டு, சர்க்கரை சேர்த்துப் பாகுபதமாகக் காய்ச்சி எடுத்த ஆடாதோடை மணப்பாகு, இருமலுக்கு இன்றும் கைவிடப்படாத மருந்து. அதில் கசப்பு இருக்கிறது, ஆனால் இனிப்பு முந்திக்கொள்கிறது. வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் முதலியவற்றைக் கல்லில் ஓரிரண்டு சுற்று இழைத்துத் தாய்ப்பாலில் புகட்டும் உரைமருந்திலோ, மறைப்பதற்கு வேறு எதுவும் தேவைப்படாத அளவுக்கு மருந்தின் அளவே சிறிதாக இருக்கிறது. அளவைச் சிறிதாக்குவதும் கசப்பை வெல்லும் வழிதான் என்பதைக் காரைக்காலைப் பற்றிப் பேசும்போது மறுபடி கவனிப்போம்.

சர்க்கரைக்கொல்லி எனப்படும் சிறுகுறிஞ்சானின் சரித்திரத்தை இவ்விடத்தில் விட்டுவிட மனமில்லை. அந்த இலையை மென்றபின் சர்க்கரை மணலைப் போலச் சுவையற்றுவிடும் என்பது நம் கிராமத்தார் அறிந்த வேடிக்கை. உதகமண்டலத்தில் அரசாங்கக் கொயினா நிபுணராக இருந்த டேவிட் ஹூப்பர் என்பவர், 1887-இல் அந்த இலையிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நீலகிரியில் சின்கோனா மரப்பட்டையின் கசப்புச் சத்தை அளந்துகொண்டிருப்பதே உத்தியோகமாகக் கொண்ட ஒருவர், இனிப்பைக் கொல்லும் இலையிடம் ஈர்க்கப்பட்டது சுபாவமே. இலையை மென்றபின் கொயினாவின் கசப்பும் மங்கியதாக அவர் எழுதிவைத்தார். பிற்காலச் சோதனைகள் இனிப்பைப் பற்றிய பகுதியை மட்டுமே ஐயமற உறுதிப்படுத்தின. கசப்பையும் அது கொன்றிருந்தால், இக்கட்டுரையின் பெரும்பகுதிக்கு அவசியமே நேர்ந்திராது.

பிரெஞ்சு தேசத்தாரிடம் வருவோம். கசப்புக்கு ரஸாயனப் பெயர் வைத்தவர்களும் அவர்கள், அதை ஒளிக்கும் பாத்திரத்தை முதலில் செய்தவர்களும் அவர்களே. பாரிஸ் நகரத்து மருந்தாளர்களான பெல்த்தியே, கவாந்தூ என்ற இரட்டையர் 1818-இல் எட்டி இனத்து விதைகளிலிருந்து ஸ்டிரிக்னைனையும், 1820-இல் சின்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவையும் பிரித்தனர். அதுவரையில் ஒரு குவளை பட்டைக் கஷாயமாக இருந்த மருந்து, ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளாகச் சுருங்கியது. பருமன் சுருங்கவே கசப்பு செறிந்தது; ஆனால் பருமன் சுருங்கியதனாலேயே அதைப் பொட்டலமாகக் கட்டி நாவுக்குத் தெரியாமல் அனுப்பவும் வழி பிறந்தது. 1834-இல் பாரிஸில் மோத் என்ற மருந்தியல் மாணவரும் துய்ப்லாங் என்ற மருந்தாளரும் ஜெலட்டினால் ஆன உறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். மேக நோய்க்கு அக்காலத்தில் கொடுத்துவந்த கோபைபா என்னும் பிசினெண்ணெயின் சகிக்க முடியாத ருசியே அதற்குத் தூண்டுகோல். ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரு துண்டுக் கூடு 1846-இல் லெயுபி என்பவரால் வந்தது. இன்று கேப்சூல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வஸ்து, மருந்தைப் பாதுகாக்கவோ அளவைக் கணிக்கவோ பிறந்ததன்று. நாவை ஏமாற்றப் பிறந்தது. பிறகு 1870-களில் லிமூஸேன் என்பவர் அரிசி மாவில் தட்டிய மெல்லிய அப்பளங்கள் இரண்டுக்கு நடுவே தூளை வைத்து ஓரத்தை ஒட்டிய கஷே என்பதைப் பிரசித்தமாக்கினார். தண்ணீரில் நனைத்தவுடன் அது வழுவழுப்பாகித் தொண்டையில் இறங்கிவிடும். சர்க்கரைப் பாகை அடுக்கடுக்காக ஏற்றிய மாத்திரையும் அவர்களுடைய மிட்டாய்க் கடைகளின் வித்தையே.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: விழுங்கத் தெரிந்தவனுக்கே இவை பயன்படும். ஐந்து வயதுக் குழந்தையிடம் கேப்சூலைக் கொடுத்தால் அது கடிக்கும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வெகுகாலம் கம்பவுண்டர்கள் கலக்கித் தந்த மிக்சர்கள் அந்தக் குறையை நிரப்ப முயன்றவை. அளவு காட்டக் காகிதத்தைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டிய புட்டியில், ஆரஞ்சுப் பாகும் மிளகுக்கீரைத் தைலமும் இளஞ்சிவப்புச் சாயமும் கூடி, உள்ளேயிருக்கும் கசப்பைச் சமாளிக்க இயன்றவரை பாடுபட்டன. கரைந்த கசப்பை மணத்தாலும் நிறத்தாலும் வெல்வது கடினம்.

கரைந்தால்தான் கசக்கும் என்ற எளிய உண்மையிலிருந்து ரஸாயனிகள் வேறொரு வழியை எடுத்தார்கள். எச்சிலில் கரையாத ஒரு ரூபத்தில் மருந்தை மாற்றிவிட்டால், அது நாவின் மேல் உருண்டு போனாலும் நாக்கு அதை அறியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியாவோடு போராடிய இத்தாலி அரசாங்கம், கொயினா டானேட் என்ற எளிதில் கரையாத உப்பைச் சாக்லேட்டில் பொதிந்து குழந்தைகளுக்கு வழங்கியது. யூகொயினா என்ற ருசியற்ற கொயினா எஸ்டரும் அக்காலத்தது. பின்னர் நுண்ணுயிர்க்கொல்லிகளின் யுகம் பிறந்து, விஷ ஜுரமான டைஃபாய்டுக்குக் குளோரம்ஃபெனிக்கால் கைகண்ட மருந்தானபோது, அதன் கடுங்கசப்பு பெரிய இடைஞ்சலாயிற்று. கொழுப்பு அமிலமொன்றைக் கூட்டிக் குளோரம்ஃபெனிக்கால் பால்மிடேட் ஆக்கினார்கள், கசப்பு போய்விட்டது, குடலிலுள்ள செரிமான நொதி அந்தக் கொழுப்பை வெட்டி மூல மருந்தை விடுவிக்கும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பால்மிடேட் ஒன்றுக்கு மேற்பட்ட படிக வடிவங்களில் உறையக் கூடியது என்பதும், அவற்றுள் உறுதி மிகுந்த ஏ வடிவத்தை நொதியால் எளிதில் வெட்ட முடியாது என்பதும் பிறகுதான் தெரியவந்தன. அந்த வடிவம் மிகுந்த புட்டியிலிருந்து குடித்த குழந்தை கசப்பில்லாமல் குடித்தது. ரத்தத்தில் போதிய மருந்து சேரவில்லை. பார்வைக்கும் ருசிக்கும் எல்லா வடிவங்களும் ஒன்றே. ஆகவே மருந்துத் தரநூல்கள் ஏ வடிவம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கலாகாதென்று விதித்தன. கசப்பை மிக நன்றாக ஒளித்ததால் மருந்தையே தொலைத்த இந்த நிகழ்ச்சியை, இத்துறையில் பிரவேசிக்கும் ஒவ்வொரு மாணவனும் முதல் பாடமாகப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சீதபேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடஸோல் இதே வழியில் நல்ல பலன் கண்டது. மாத்திரையாக வாயில் பட்டால் மணிக்கணக்கில் நீடிக்கிற அந்தக் கசப்பு, பென்ஸோயேட் என்ற கரையாத வடிவில் அடங்கிவிடுகிறது. 200 மில்லிகிராம் மருந்துக்கு ஈடாக 320 மில்லிகிராம் பென்ஸோயேட்டைக் கொடுக்க வேண்டும் என்பதே அதற்குச் செலுத்தும் வரி.

மருந்தின் மூலக்கூறைத் தொடாமல், அதைச் சுற்றி வேலியிடுவது மற்றொரு மார்க்கம். தற்காலத்தில் பெரும்பாலான ஆராய்ச்சிகள் இதிலேயே நடக்கின்றன. எச்சில் ஏறக்குறைய நடுநிலையான திரவம். இரைப்பை நீரோ கடும் அமிலம். இந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெர்மனியில் தோன்றிய யூட்ராஜிட் இ போன்ற பூச்சுப் பொருள்கள் வேலை செய்கின்றன. அமிலத்தன்மை ஓரளவு மிகும்வரை அவை கரைவதில்லை, மிகுந்தவுடன் கரைந்துவிடுகின்றன. வாயில் மூடியும் வயிற்றில் திறந்தும் இருக்கும் கதவு அது. அயனிப் பரிமாற்றப் பிசின்கள் வேறு தினுசு: காரத்தன்மையுள்ள மருந்தைப் பிசின் மின்கவர்ச்சியால் பற்றிக்கொள்கிறது, எச்சிலிலுள்ள சொற்ப உப்புகளால் அந்தப் பிடியைத் தளர்த்த முடியாது, இரைப்பை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் வெள்ளமாக வந்து மருந்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. வில்லியே என்ற பிரெஞ்சுக்காரர் 1891-இல் மாவுச் சத்திலிருந்து கண்டெடுத்த சைக்ளோடெக்ஸ்ட்ரின், ஆறேழு சர்க்கரை அலகுகள் வளையமாகக் கூடிய ஒரு கூண்டு. கசக்கும் மருந்து மூலக்கூறின் ஒரு பகுதி அதன் குழிக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டால், ஏற்பிகளோடு பொருந்த வேண்டிய முகம் மறைந்துவிடுகிறது. பூச்சு, பிசின், கூண்டு ஆகிய மூன்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பது வீண். மருந்தின் அளவு சில மில்லிகிராமாயின் கூண்டு போதும். அரைக் கிராமாயின் அதை அடைக்கத் தேவைப்படும் கூண்டே ஒரு வேளைச் சோறாகிவிடும்.

காலாப்பட்டில் உற்பத்தியாகும் இபுபுரூஃபென் இந்த விஷயத்தில் ஒரு தனி ஜாதி. சாசன் என்ற நிறுவனம் தொடங்கி, பிறகு கை மாறி, இப்போது சோலாரா என்ற பெயரில் நடக்கும் அந்தத் தொழிற்சாலையின் சரக்கு, ஜுரத்துக்கும் வலிக்கும் உலகமெங்கும் போகிறது. 1960-களில் இங்கிலாந்தில் பூட்ஸ் கம்பெனியில் ஸ்டூவர்ட் ஆடம்ஸும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த அந்த மருந்து, கசப்பதைக் காட்டிலும் அதிகமாகத் தொண்டையில் கமறுகிறது. நல்ல ஆலிவ் எண்ணெயைக் குடித்தால் தொண்டையில் உண்டாகும் அதே எரிச்சலும் இதுவும் ஒன்றே என்று கவனித்தவர்கள், அந்த எண்ணெயிலும் இபுபுரூஃபெனைப் போல வீக்கத்தைத் தணிக்கும் பொருள் ஒன்று இருப்பதை 2005-இல் வெளியிட்டனர். கமறல் என்பது சுவை நரம்புகளின் வேலையன்று. காரத்தையும் நெடியையும் அறியும் வேறு நரம்புகள் அதை உணர்கின்றன. ஆகையால் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் அது அடங்குவதில்லை. அதை அடக்கும் வழி அந்த மருந்தின் சுபாவத்திலேயே இருக்கிறது: இபுபுரூஃபென் ஓர் இளம் அமிலம்; அமிலக் கரைசலில் அது கரையாது. திரவ மருந்தைச் சற்றுப் புளிப்பாக வைத்து, தூளைக் கரையவிடாமல் மிதக்கச் செய்தால் கமறல் பெரிதும் குறைகிறது. அஸித்ரோமைஸின், குளோரோகுயின் போன்ற காரவகை மருந்துகளுக்கு இதற்கு நேர்மாறான விதி. புளிப்பில் அவை நன்றாகக் கரைந்து கசப்பைக் கக்குகின்றன. குழந்தை குடிக்க மறுக்கும் கிளாரித்ரோமைஸின் மருந்தோடு ஆரஞ்சுச் சாற்றைக் கலந்துகொடுக்கும் அன்னை, நல்ல எண்ணத்தோடு வேலியைத் தானே பிரித்துவிடுகிறாள்.

காரைக்காலைப் பற்றி இனிச் சொல்லலாம். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களைக் கொசு ஒருவர் ரத்தத்திலிருந்து மற்றொருவருக்குக் கடத்துகிறது. ரத்தத்திலுள்ள சிறு புழுக்களை டையெத்தில்கார்பமஸைன் என்னும் மருந்து அழிக்கிறது. ஆனால் தேகத்தில் எந்தத் துன்பமும் உணராதவர்களுக்கு அந்தப் புளிப்பும் கசப்புமான மாத்திரையைக் கொடுத்து, தலைசுற்றலும் ஜுரமும் வரக்கூடுமென்று எச்சரித்து, ஊர் முழுவதையும் விழுங்கவைப்பது எந்தச் சுகாதார அதிகாரிக்கும் எளிதன்று. சீனத்திலும் லட்சத்தீவுகளிலும் கையாண்ட ஒரு யுக்தி 1980-களில் காரைக்காலிலும் கையாளப்பட்டது. சமையலுப்பிலேயே மருந்தைக் கலந்துவிட்டார்கள். ஆயிரம் பங்கு உப்புக்கு ஒரு பங்கு மருந்து என்ற விகிதத்தில், நாளொன்றுக்குப் பத்துக் கிராம் உப்புண்பவர் பத்து மில்லிகிராம் மருந்தை அறியாமல் உண்கிறார்; மாத்திரையாகக் கொடுத்தால் அவருக்கு ஒரே வேளையில் முந்நூறு மில்லிகிராம் கொடுக்க வேண்டியிருக்கும். குழம்பில் கொதித்தாலும் அம்மருந்து சிதைவதில்லை. உப்பின் ருசியில் மாறுதல் தெரிவதில்லை. சிறு அளவாகையால் உபத்திரவமும் சொற்பம். ரத்தத்தில் புழு உடையோரின் தொகை அங்கே மிகவும் சரிந்தது.

நான் கண்டவரையில் கசப்பை வென்ற உபாயங்களுள் இதுவே தலைசிறந்தது. பூச்சும் பிசினும் கசப்பைச் சில விநாடிகள் தள்ளிவைத்தன; இதுவோ ஒரு வேளைக் கசப்பை மாதங்களின் மேல் பரப்பி, எந்த ஒரு வேளையிலும் நாவின் வாசலை எட்டாதபடி செய்துவிட்டது. அப்படியிருந்தும் இது தேசமெங்கும் பரவாததற்குக் காரணங்கள் இருந்தன. கடையில் சாதா உப்பும் கிடைக்கும்வரை மருந்து கலந்த உப்பை வாங்குவதும் வாங்காததும் ஜனங்களின் இஷ்டம். அயோடின் உப்போடு இது போட்டியிட நேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பில் மருந்து கலப்பதைப் பற்றி ஜனங்களின் மனத்தில் எழும் சந்தேகத்தை அரசாங்கங்கள் அஞ்சின. அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது என்றே நினைக்கிறேன். நாவுக்குத் தெரியாமல் கொடுக்கலாம்; மனத்துக்குத் தெரியாமல் கொடுப்பது வேறு விஷயம்.

கசப்பை ஒளிக்கத் தெரிந்த கை விஷத்தையும் ஒளிக்கும். 1937-இல் அமெரிக்காவில், சல்ஃபனிலமைடு என்ற கரையாத மருந்தைக் குழந்தைகளும் குடிக்கத் தகுந்த திரவமாக்க விரும்பிய ஒரு கம்பெனி, அதை டைஎத்திலின் கிளைக்காலில் கரைத்து ராஸ்பெரி மணம் சேர்த்து விற்றது. அந்தத் திரவம் இயற்கையிலேயே இனிப்பானது. சிறுநீரகங்களுக்கோ கொடிய விஷம். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்நாட்டின் 1938-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் அந்தப் பிணங்களின் மேல் எழுந்தது. இவ்வளவு வருஷத்துக்குப் பின் 2025-இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தில் அதே டைஎத்திலின் கிளைக்கால் நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. அந்த மருந்தை அருந்திய மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகள் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். கசப்பான மருந்தில் கலப்படம் செய்தாலும் ஆபத்துதான். ஆனால் இனிப்பான மருந்தில் நாக்கு என்ற கடைசிக் காவலாளியும் தூங்கிவிடுகிறான். மருந்தை இனிக்கச் செய்பவன், நாக்கு செய்துவந்த பரிசோதனையைத் தன் ஆய்வுக்கூடத்தில் தானே செய்யக் கடமைப்பட்டவன். ஒவ்வொரு பீப்பாய்க் கரைப்பானையும் சோதிக்காத தொழிற்சாலைக்குப் பாகு காய்ச்சும் உரிமையே கிடையாது.

இனிப்பினால் வரும் சிறு கேடுகளும் உண்டு. சாதாரணப் பாகு மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. வலிப்பு நோய்க்கு வருஷக்கணக்கில் தினமும் பாகு மருந்து குடிக்கும் குழந்தையின் பற்கள் சொத்தையாவது இயல்பு. சாக்கரினும் ஆஸ்பர்ட்டேமும் அதனால்தான் புகுந்தன. சாக்கரினோ தானே நாவில் ஒரு கசப்புச் சுவட்டை விட்டுச் செல்வது வேடிக்கை.

வீட்டில் நடப்பதை வைத்தியர்கள் அதிகம் விசாரிப்பதில்லை. இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைப்பது எங்கும் உள்ள வழக்கம். பூச்சிட்ட மாத்திரையைப் பொடித்தால் பூச்சு உடைந்து, மறைந்திருந்த கசப்பெல்லாம் ஒரே சமயத்தில் வெளிப்படும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையாயின், ஒரு நாளுக்குரிய மருந்து ஒரு மணியில் ரத்தத்தில் சேரும். ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேன் ஆகாது என்பதை இன்றைய வைத்தியம் உறுதியாகச் சொல்கிறது. பால் நல்ல அனுபானமாக இருந்த காலம் வேறு. டெட்ராசைக்ளினையும் சிப்ரோஃபிளாக்ஸஸினையும் பாலிலுள்ள சுண்ணச் சத்து கட்டிப்போட்டுவிடும். கஞ்சியிலோ பால்சோற்றிலோ மருந்தை ஒளித்தால், குழந்தை அடுத்த நாள் முதல் கஞ்சியையே வெறுக்கத் தொடங்கும். மருந்தும் போய் உணவும் போகும். சற்று வளர்ந்த குழந்தைக்குக் கொடுக்குமுன் ஒரு சிறு ஐஸ் துண்டைச் சப்பவைத்து நாவை மரத்துப்போகச் செய்வதும், கொடுத்த பின் ஒரு கடி பனங்கற்கண்டு தருவதும் தீங்கற்றவை.

குழந்தைகளுக்கென்றே மருந்து செய்ய வேண்டும் என்ற எண்ணம் சர்வதேச அளவில் வலுப்பெற்றதே 2007-ஆம் ஆண்டையொட்டித்தான்; அவ்வாண்டு ஐரோப்பாவில் குழந்தை மருந்துச் சட்டம் அமலுக்கு வந்தது, உலக சுகாதார நிறுவனமும் அதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கு முன், எய்ட்ஸ் நோயுள்ள சிசுக்களுக்கு நூற்றுக்கு 42 பங்கு சாராயம் கலந்த, கடுங்கசப்பான லோப்பினாவிர் திரவத்தைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது; நம் நாட்டு சிப்லா கம்பெனி அதையே உணவில் தூவும் சிறு குருணைகளாக்கி 2015-இல் அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. அதே வருஷத்தின் இறுதியில், க்ஷயரோகக் குழந்தைகளுக்காக மூன்று மருந்துகளை உரிய விகிதத்தில் சேர்த்த, தண்ணீரில் கரையும், பழமணமுள்ள மாத்திரை வெளிவந்தது. அதுவரையில் பெரியவர் மாத்திரையை உடைத்துப் பொடித்துத் தோராயமாகக் கொடுத்துவந்த பெற்றோருக்கும் செவிலியருக்கும் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

பழமணம் என்றால் எந்தப் பழம்? ஸ்டிராபெரி, ராஸ்பெரி. பாகூரிலும் வில்லியனூரிலும் வளரும் குழந்தை அந்தப் பழங்களை மிட்டாய்க் காகிதத்தில் மட்டுமே பார்த்திருக்கும். மாம்பழமும் ஏலக்காயும் நம் குழந்தைகளுக்கு அதிகம் ஒத்துவருமா என்பது எளிதில் சோதிக்கக் கூடிய கேள்வி. சோதிப்பதற்குரிய ஆஸ்பத்திரியும் மருந்தியல் கல்லூரியும் கோரிமேட்டிலேயே இருக்கின்றன. சோதிக்கும் விதந்தான் தர்மசங்கடமானது. நோயற்ற குழந்தையின் நாவில் மருந்தை வைத்துப் பார்ப்பது நியாயமன்று. ஆகவே கசப்பை அளக்கப் பெரியவர்களைக் கொண்டு வாயில் கொப்பளித்துத் துப்பச் செய்கிறார்கள், எலிகளை நக்கவிட்டு எண்ணுகிறார்கள், ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் செய்த மின்னணு நாக்கைக் கரைசலில் தோய்க்கிறார்கள். இயந்திரம் கசப்பின் அளவைச் சொல்லும், வெறுப்பின் அளவைச் சொல்லாது. பெரியவரின் நாக்கோ ஐம்பது வருஷம் காபி குடித்துக் கசப்போடு சமாதானம் செய்துகொண்ட நாக்கு. நோயுற்று, மருந்து எப்படியும் உண்ண வேண்டிய குழந்தைகளிடமே, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த படங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்வது இப்போது நடைமுறையிலுள்ள முறை. அந்தப் படங்களைப் புரிந்துகொள்ளும் வயது வராத சிசுக்களின் விஷயத்தில் செவிலி அவற்றின் முகத்தைப் பார்த்து ஒரு படிவத்தில் குறித்துக்கொள்கிறாள். முதல் வேளையில் முகம் எப்படி இருந்தது என்பதோடு, மூன்றாம் நாள் கரண்டியைக் கண்டதும் குழந்தை வாயைத் திறந்ததா, மூடிக்கொண்டதா என்று தாயைக் கேட்டு எழுதும் ஒரு கட்டமும் அந்தப் படிவத்தில் சேர வேண்டும்.